மடுல்கெல்லச் சின்னத்துரையும் கட்சி கட்டிய பத்திரிகைகளும்



கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலேறும் பாதை நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் மடுல்கெல்ல என்னும் சிற்றூரை அடைகின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள், அவற்றினிடையே லயங்கள். இங்குள்ள ரெலுகாஸ் தோட்டத்திற்கு 1936ஆம் ஆண்டு தொழில் பழக வந்த ஓர் இளைஞனால் மறு ஆண்டு இலங்கை முழுவதும் அமளிப்பட்டது. அந்த இளைஞனின் பெயர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில்.

லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவன். அங்கே இளம் கம்யூனிஸ்டுகளோடு பழகியவன். தேயிலைத் துரையாவதற்கென்று கப்பலேறி வந்தவன், தோட்டத்தில் கண்ட காட்சிகளால் மனம் மாறினான். தொழிலாளர் பக்கம் நின்றான். சின்னத்துரை கூலியாட்களோடு சரிசமமாகப் பழகுவதைத் தோட்ட நிர்வாகம் பொறுக்குமா? வேலை போயிற்று. அவன் கொழும்புக்குப் போய் லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தான்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா அதில் பேசினார். கலாநிதி என். எம். பெரேரா, இந்த வெள்ளைக்காரத் தோழரையும் மேடையேற்றினார். துரைமாரின் சுகபோகத்தையும் தொழிலாளரின் துன்பத்தையும் ஒரு வெள்ளையன் வாயாலேயே கேட்ட மக்கள் ஆரவாரித்தனர். துரைமார் கொதித்தனர். அம்மாதத்திலேயே தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸ், பிரேஸ்கேடில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். பிரேஸ்கேடில் கப்பலேறவில்லை, தலைமறைவானான்.

நேயர்களே, இவ்விடத்தில் அன்றைய பத்திரிகை உலகைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'டைம்ஸ் ஒவ் சிலோன்' ஐரோப்பியர் கைவசம் இருந்தது. தோட்டத்துரைமாரின் குரல் என்றே அது அறியப்பட்டது. டி. ஆர். விஜேவர்த்தனாவின் லேக்ஹவுஸ் 'டெய்லி நியூஸ்', 'தினமின', 'தினகரன்' ஆகியவற்றை நடத்தியது. அரசியற் சீர்திருத்தம் நாடிய சுதேசப் பெரியோருக்கு அது துணை. சமசமாஜிகளுக்கோ தீராப் பகை. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவுக்குச் சிங்களத்தில் ஒரு பத்திரிகை உண்டு. அவரோடு ஒருகாலம் தோளோடு தோள் நின்ற கோ. நடேசய்யர் 1924இல் தொடங்கிய 'தேசபக்தன்', தோட்டத் தமிழரின் குறைகளை எடுத்துரைத்தது. பின்னர் இருவரும் பிரிந்தனர். குணசிங்கவின் பத்திரிகை 1930களில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகவே எழுதலாயிற்று. ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு பத்திரிகை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பதே அக்காலப் பத்திரிகை தர்மம்.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. சுதந்திரத்தின் தாயகம் எனப்படும் அமெரிக்காவையே பாருங்கள். அந்நாட்டின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் அமைச்சரவையிலேயே ஹமில்டனும் ஜெபர்சனும் இரு துருவங்களாக நின்றனர். ஹமில்டனின் ஆதரவு பெற்றது ஜோன் பென்னோவின் பத்திரிகை. அரசாங்க அச்சுவேலையும் அதற்குக் கிடைத்தது. அதற்குப் பதிலடியாக 1791இல் பிலிப் பிரேனோ என்ற கவிஞர் வேறொரு பத்திரிகை தொடங்கினார். அவருக்கோ ஜெபர்சனின் திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளர் சம்பளம்! இரு பக்கத்துப் பேனாவுக்கும் மை ஊற்றியது அரசாங்கமே.

1798இல் ஜோன் அடம்ஸின் கட்சி இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஆபத்தானவர் என்று தாம் கருதும் அந்நியரை விசாரணையின்றி நாடுகடத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்தது ஒன்று. அரசாங்கத்தை இழித்தெழுதுவோரைச் சிறையிலிடுவது மற்றது. முதற் சட்டத்தின்படி எவரும் நாடுகடத்தப்படவில்லை. இரண்டாவதோ எதிர்க்கட்சிப் பத்திரிகையாளர் மேல் பாய்ந்தது. வெர்மண்ட் பிரதிநிதி மத்தியூ லயன் சிறை சென்றார். சிறையிலிருந்தபடியே மீண்டும் தெரிவானார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் அடம்ஸ் தோற்றார்.

இதே அமெரிக்காவில் 1949இல் வானொலிக்கு ஒரு விதி வந்தது: சர்ச்சைக்குரிய பொது விடயங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்பது. 1987இல் அவ்விதி கைவிடப்பட்டது. அதன்பின் ஒருபக்கம் மட்டுமே பேசும் ஒலிபரப்புகள் பெருகின.

பத்திரிகை பக்கம் சாய்வது பழைய கதை. சாய்ந்த பத்திரிகைக்கு எதிரே வேறொரு பத்திரிகை நிமிர்ந்து நிற்குமானால் வாசகன் பிழைத்துக்கொள்வான். ஆளும் பக்கம் சட்டத்தை எடுத்து மறுபக்கத்தின் வாயை அடைக்கும்போதுதான் ஆபத்து. 1798இல் அங்கு நடந்தது அதுவே. 1937இல் இங்கு நடந்ததும் அதுவே.

ஆனால் 1937இல் ஓர் அதிசயமும் நிகழ்ந்தது. மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் தேசாதிபதியைக் கண்டிக்கும் பிரேரணை 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அன்றே காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். சமசமாஜிகளின் மேடையில் அவர்களது போட்டியாளரான குணசிங்கவும், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும், நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மையும் ஏறினர். தலைமறைவாயிருந்த பிரேஸ்கேடிலும் மேடையில் தோன்றினான்! சில நாளில் கைதானான். எச். வி. பெரேரா அவனுக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் மூவர் அடங்கிய உயர் நீதிமன்றம் மே 18இல் அவனை விடுவித்தது. பேசியதற்காக ஒருவனை நாடுகடத்தத் தேசாதிபதிக்கு அதிகாரமில்லை என்றாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் மடுல்கெல்லத் தொழிலாளி என்ன ஆனான்? தனி ஒரு வெள்ளையனை நாடுகடத்துவது அநீதி என்று ஒருமித்துக் குரலெழுப்பிய நாடு, பதினோராண்டு கழித்து, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. சுமார் 7 இலட்சம் மலையக மக்கள் இருந்த இடத்திலேயே நாடற்றவராயினர். 1937இல் பிரேஸ்கேடிலுக்காக மேடையேறிய பண்டாரநாயக்க அப்போது அமைச்சர். என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் சட்டத்தை எதிர்த்தனர், எதிர்ப்பு எடுபடவில்லை. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவனைக் கட்சி தேடுவதில்லை. கட்சி தேடாதவனைக் கட்சிப் பத்திரிகை எழுதுவதுமில்லை. எஞ்சியிருந்தோருக்கும் முழுமையான பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு ஆயிற்று.

பிரேஸ்கேடில் 1937லேயே இலங்கையை விட்டுத் தன் விருப்பப்படி இங்கிலாந்து சென்றான். அவன் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவனுடைய மனத்தை மாற்றிய ரெலுகாஸ் தோட்டத்துத் தொழிலாளருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா? எந்தப் பத்திரிகையும், எந்தக் கட்சியும் அதை எழுதிவைக்கவில்லை. ஒரு பத்திரிகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஆராய்வது நல்லதே. அதன் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாதவர் யார் என்றும் கேட்கப் பழகுவோம், நேயர்களே.