நவோஷிமாவின் சுவரும் தெஷிமாவின் துளியும்

ஜப்பானின் சேத்தோ உள்நாட்டுக் கடலில் நவோஷிமாவும் தெஷிமாவும் அண்டைத் தீவுகள். மனம் அடங்கி உட்காருவதற்கென்றே கட்டிய கலைக்கூடம் ஒன்று இரண்டிலும் உண்டு.

நவோஷிமாவில் இருப்பது சிச்சூ கலைக்கூடம். கட்டடக்கலைஞர் தடாவோ ஆண்டோ, திறந்தது 2004-இல். சிச்சூ என்றால் மண்ணுக்குள் என்று பொருள். கடலோரத்தின் அழகு கெடக்கூடாதென்று கட்டடத்தின் பெரும்பகுதியை நிலத்துக்குள்ளேயே இறக்கிவிட்டார். ஓங்கிய கான்கிரீட் சுவர்களுக்கு இடையே நடந்து, காலணியைக் கழற்றிவிட்டுத்தான் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இருக்கும் அறைக்குள் போக முடியும். ஐந்தே ஓவியங்கள். தரை முழுக்க இரண்டு சென்டிமீட்டர் பளிங்குக் கட்டைகள். மின்விளக்கு கிடையாது, மேலிருந்து வடியும் பகல் வெளிச்சம்தான். வெளியே மேகம் கடந்தால் உள்ளே அல்லிக்குளமும் மங்கும்.

தெஷிமா கலைக்கூடம் 2010-இல் வந்தது. ரியூவே நிஷிஸாவா கட்டடத்தையும் ரெய் நைட்டோ கலைப்படைப்பையும் உருவாக்கினார்கள். மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் வார்த்து, இறுகிய பிறகு உள்ளிருந்த மண்ணை வெட்டியெடுத்தார்கள். சுமார் 40 மீட்டருக்கு 60 மீட்டர் விரிந்த கூரை. நடுவே ஒரு தூண்கூட இல்லை. கூரையில் இரண்டு பெரிய திறப்புகள். கண்ணாடி போடவில்லை என்பதால் மழையும் காற்றும் பூச்சியின் ஒலியும் தடையின்றி உள்ளே வரும்.

உள்ளே ஓவியமும் இல்லை, சிலையும் இல்லை. தரையிலுள்ள நுண்துளைகளில் நீர் ஊறுகிறது. ஊறிய துளி சற்று நேரம் அசையாமல் நிற்கும். காற்று பட்டால் நடுங்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவைக் கண்டுபிடித்து மெல்ல நகரும். வழியில் இன்னொரு துளியைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகி, வால் நீண்டு விரைந்தோடி ஒரு சிறு குட்டையில் சேரும். அவ்வளவுதான் படைப்பு.

சிச்சூவில் உலகத்தை வெளியே நிறுத்தி அமைதியைக் காக்கிறார்கள். அது பெரிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால் உலகத்தை உள்ளே விட்டும் மனத்தை அடங்கச் செய்யும் தெஷிமாவைத்தான் நான் மேலாகச் சொல்வேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டிச் சீரழித்த தீவு அது. அங்குள்ள மக்கள் பல ஆண்டு போராடி 2000-இல்தான் தீர்வு கண்டார்கள். கலைக்கூடத்தை அமைத்தவர்கள் தரிசாகக் கிடந்த படிக்கட்டு வயல்களையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்தே மீட்டார்கள். அந்த மண்ணில்தான் இந்தத் துளி ஊறுகிறது.

இரண்டையும் பார்க்க வாய்த்தால் சிச்சூவை முதலில் பாருங்கள். தெஷிமாவிலிருந்து எழுந்து வர மனம் வராது.