கலைக்கூடத்தைப் பரிகசித்த ஆட்டங்கள்

கண்டி மாநகரின் தென்கிழக்கே மலைச்சரிவில் அமைந்திருக்கும் அம்பிட்டிய என்னும் ஊர், 1893ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வேண்டிய சுதேச குருமாரைப் பயிற்றுவிக்கும் பொருட்டு நிறுவிய குருமடத்தால் தேசாந்தரங்களிலும் பெயர் பெற்றது. அந்த ஸ்தாபனம் 1955இல் பூனாவுக்கு மாற்றப்பட்ட பின்னரும், இலங்கைத் திருச்சபையின் தேசியக் குருமடம் அம்பிட்டியவிலேயே நிலைபெற்றிருக்கின்றது. ஊரிலிருந்து இறங்கிவரும் வீதி கண்டி ஏரியைச் சுற்றியோடும் வீதியுடன் கலக்கின்றது. அந்த ஏரியின் ஒரு கரையில் மல்வத்தை விகாரையும், மறுகரையில் தலதா மாளிகையும், அதற்குச் சற்று அப்பால் 1882இல் தொடங்கப்பெற்ற கண்டியக் கலைச் சங்கத்தின் விற்பனை மண்டபமும் இருக்கின்றன. குருமடத்து ஆலயத்திலுள்ள திருவுருவத்துக்கும் விகாரைச் சுவரிலுள்ள சித்திரத்துக்கும் எவரும் விலை கேட்பதில்லை. சங்கத்து மண்டபத்திலுள்ள பித்தளைத் தட்டத்துக்கும் மரச்செதுக்கலுக்கும் விலைச்சீட்டு இன்றியமையாததாயிற்று. சில மைல் எல்லைக்குள் அடங்கிவிடும் இந்த வேற்றுமைக்குள், கலையுலகம் தன்னைத்தானே பரிகசிக்கத் தொடங்கிய சம்பிரதாயம் ஒன்றன் சரித்திரம் முழுவதும் சுருக்கமாய் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

அந்தச் சம்பிரதாயத்தின் மிகப் பிந்திய வாரிசு, விநோதமான வீடியோ விளையாட்டு. கனவுலகம் போன்ற காட்சிசாலைகளில் ஆடுபவனை அலையவிட்டு, ஓவியனையும் விற்பனையாளனையும் விமர்சகனையும் ஒருங்கே நகையாடும் இவ்விளையாட்டுகள் புதுயுகத்தின் குறும்பு என்றே பலராலும் எண்ணப்படுகின்றன. ஆயினும் இவற்றின் வம்சாவளி நீண்டது; அதன் ஒரு கிளை நமது மலைநாட்டிலும் ஓடுகின்றது.

கண்டி இராச்சியத்தில் சித்திரம் எழுதுதல் பரம்பரைத் தொழிலாயிருந்தது. அரசனுடைய பட்டறைகளைச் சேர்ந்த பொற்கொல்லரும் தந்தச் செதுக்குநரும் சித்திரகாரரும் தம் உழைப்புக்குக் கூலியாகக் காசு பெறாமல், இராஜகாரியம் எனப்பட்ட கட்டாய அரச ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்றுச் சீவித்தனர். மதுரைச் சீமையிலிருந்து வந்த நாயக்க வம்சத்தவனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) பௌத்த விகாரைகளைப் புனருத்தாரணம் செய்தபோது, மகாவலிக்கு அப்பால் அமுனுகம என்னும் ஊரிலுள்ள தெகல்தொருவைக் குகைவிகாரையின் சுவர்களும் சித்திரங்களால் நிரப்பப்பட்டன. செந்நிறப் பின்புலத்தில், நீண்ட பட்டைகளாக, இடையே கோடிட்டுப் பிரிக்காமல் ஒரு நிகழ்ச்சியிலிருந்து மறு நிகழ்ச்சிக்குச் செல்லும் ஜாதகக் கதைகளை அங்கே காணலாம். பார்ப்பவன் சுவரோரமாக நடந்தாலன்றிக் கதை நடவாது. புத்தரின் தவத்தைக் குலைக்க வரும் மாரனுடைய சேனையிற் சிலர் கைகளில் துப்பாக்கிகள் இருக்கின்றன. புராதனக் கதைக்குள் தன் காலத்து ஆயுதத்தை நுழைத்த அந்தச் சித்திரகாரன், அதனைத் தீமையின் படைக்கே கொடுத்தான் என்பது கவனிக்கத்தக்கது. எனினும் அந்தச் சிறு சுதந்திரத்துக்கு மேல் அவனுக்கு உரிமை இல்லை. தன்னை ஏவிய அரசனையோ விகாராதிபதியையோ, தன் சுவரைக் கண்டு வணங்கியவனையோ அவன் கேலி செய்யவில்லை. செய்யவேண்டிய தேவையும் அவனுக்கு எழவில்லை. யாருக்காக எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்பன அவனுக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தன.

அப்படியாயின் அந்நாட்டு மக்கள் நகைச்சுவை அறியாதவரோ என்றால், அல்லர். பரிகாசத்துக்கு உரிய இடம் சுவர் அன்று, களம். அறுவடை முடிந்த பின்னர் பத்தினித் தெய்வத்தை முன்னிட்டு நெற்களத்திலே இரவு முழுதும் ஆடப்பெற்ற சொக்கரி என்னும் நாட்டார் கூத்து, கண்டி, மாத்தளை முதலிய மலைப்பகுதிகளுக்கே உரியது. பாரத தேசத்திலிருந்து மனைவி சொக்கரியோடும் வேலைக்காரனோடும் மரக்கலமேறி வரும் குருஹாமி, இந்நாட்டில் நிலம் பெற்று வீடு கட்டுகிறான். அவனை நாய் கடிக்கிறது. வைத்தியம் செய்ய வந்த வெதராளை அவனுடைய மனைவியையே கவர்ந்துகொண்டு போகிறான். மரக்கலமும் இல்லை, வீடும் இல்லை. வெறுங்களத்தில் அபிநயத்தாலேயே அனைத்தையும் சிருஷ்டித்து, பின்பாட்டுக்காரர் கதை பாட, ஆடவரே பெண்வேடமும் பூண்டு நடித்தனர். இக்கூத்தின் மாயத்தன்மை இக்காலத்து விநோத விளையாட்டுகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. பரிகாசத்துக்கு ஆளாகும் வைத்தியனைப் போன்ற ஒருவன் கூட்டத்தின் நடுவே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். மறுநாள் நோய் வந்தால் அவனிடமே போகவேண்டும். நகைத்தவரும் நகைக்கப்பட்டவரும் ஒரே ஊரார்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தின் கொடுமையிலிருந்து குடியானவன் விடுபட்டது நன்மையே. ஆனால் பட்டறைகளைத் தாங்கி நின்ற தூணும் அதனோடு சாய்ந்தது. ஏவுவதற்கு அரசன் இல்லை. அவனுடைய இடத்தில் உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் பிரயாணிகளும் வாங்குவோராய் வந்து நின்றனர். 1877இல் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்துக் கண்டியக் கலைச் சங்கம் தோன்றியது. அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களைக் காக்கவே சங்கம் எழுந்ததாயினும், அதுமுதற்கொண்டு கைவினைஞன் ஒருவன், தான் ஒருபோதும் பார்த்திராத ஒருவனுடைய வரவேற்பறைக்காகத் தட்டம் அடிக்கலானான். படைப்பவனுக்கும் காண்பவனுக்கும் நடுவே சங்கம், காட்சி, விலை, நிபுணன் என்னும் மூன்றாம் தரப்பு வந்து சேர்ந்தது. இக்காலத்தவர் கலையுலகம் என்று சொல்லுவது அந்த மூன்றாம் தரப்பையே.

நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பிலே பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதாகிய எலிசபெத் பீபிக்கும் மகனாய்த் தோன்றிய இவர், 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இத்தீவைக் கால்நடையாகவும் வண்டியிலும் சுற்றியபோது, கற்களைத் தேடப் போனவர் கைவினைஞரைக் கண்டுகொண்டார். அதன் பயனாக எழுந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல், வில்லியம் மொரிஸ் முன்னர் பயன்படுத்திய கை அச்சியந்திரத்தில், இங்கிலாந்திலே அவருடைய இல்லத்தில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதகாலம் அச்சாகி, 425 பிரதிகளாக மட்டுமே வெளிவந்தது. கைத்தொழிலைப் பற்றிய நூலும் கைத்தொழிலாகவே பிறக்கவேண்டும் என்ற பிடிவாதம் அதில் தெரிகின்றது.

1917இல் குமாரசுவாமி பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றார். அதே ஆண்டில் நியூயோர்க்கில், கட்டணம் செலுத்தும் எவருடைய படைப்பையும் மறுக்கமாட்டோம் என்று பிரகடனம் செய்திருந்த சுயாதீனக் கலைஞர் சங்கத்துக்கு, மார்சல் தூஷாம் என்னும் பிரெஞ்சுக்காரர், கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்த் தொட்டி ஒன்றைக் கற்பனைப் பெயரால் கையொப்பமிட்டு அனுப்பினார். சங்கத்தின் நிருவாகிகளுள் அவரும் ஒருவர். தன் சங்கத்தின் சத்தியத்தைத் தானே பரீட்சித்தார். சங்கம் அதனைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. அவர் பதவியைத் துறந்தார். பிற்காலத்தில் அவர் ஓவியத்தைவிடச் சதுரங்கத்திலேயே பெரிதும் ஈடுபட்டார் என்பதும், கலையுலகத்தை ஓர் ஆட்டமாகக் கண்டவருக்குப் பொருத்தமே. குமாரசுவாமியின் வழி வேறு. அவர் கேலி செய்யவில்லை. நூதனசாலைக்குள்ளேயே உத்தியோகம் வகித்துக்கொண்டு, கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று தலைப்பிலேயே வினவும் கட்டுரைத் தொகுதியை 1943இல் வெளியிட்டார். வழிபாட்டுக்கும் வாழ்க்கைப் பயனுக்கும் பிறந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு என்று மட்டும் பார்ப்பது அப்பொருளை அறிந்ததாகாது என்பது அவர் கட்சி. ஒருவர் நகைப்பாலும் மற்றவர் சாஸ்திரத்தாலும் கேட்ட கேள்வி ஒன்றே. இருவரும் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டனர்.

அந்த 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கொழும்பில் லயனல் வென்ட் என்னும் இசைஞரும் புகைப்படக்காரருமாகிய ரசிகரின் இல்லத்திலே, நாற்பத்துமூன்று குழு உருவாயிற்று. ஆங்கிலக் கழகப்பாணியைப் போற்றிய இலங்கைக் கலைச் சங்கத்தின் ஆதிக்கத்துக்கு மாறாக எழுந்த இக்குழுவில், 1901இல் கண்டியிற் பிறந்து திரித்துவக் கல்லூரியிற் பயின்று மல்வத்தைப் பிக்குகளோடு நெருங்கிப் பழகிய ஜோர்ஜ் கீற், பழைய விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுப்பதிலே ஆயுளைச் செலவிட்ட மஞ்சுஸ்ரீ, ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோர் சேர்ந்தனர். இக்கிளர்ச்சிக்கு முன்னரே வித்திட்டவர், கல்வித் திணைக்களத்தின் சித்திர வித்தியாதரிசியாயிருந்த வின்சர். அவர் பெயரால் 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் அமைத்ததைத் தமிழர் மறத்தலாகாது. நாற்பத்துமூன்று குழுவின் ஸ்தாபகருள் ஒப்ரி கொலெற் என்பவரும் ஒருவர். இவர் தூரிகையால் ஓவியம் தீட்டியதோடு அமையாது, பத்திரிகைகளிற் கேலிச்சித்திரம் வரைந்து நாடறிந்த புகழ் பெற்றார். அறுபதுகளில் அவுஸ்திரேலியா சென்று குடியேறும்வரை அவர் வரைந்தவை பெரும்பாலும் அரசியல்வாதிகளையே குறிவைத்தன; மந்திரி ஒருவர் காலையிற் பத்திரிகையைப் பிரிக்கும்போது தன் மூக்கையும் தொப்பையையும் அங்கே காணும் அச்சத்தோடுதான் பிரிக்கவேண்டியிருந்தது. நெற்களத்துப் பரிகாசத்தின் இயல்பு அச்சுத்தாளிலும் தப்பிப் பிழைத்திருந்தது எனலாம்.

இனி விளையாட்டுகளைக் காண்போம். 2010இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் மரீனா அப்ரமோவிச் என்னும் கலைஞர் 700 மணி நேரத்துக்கும் மேலாக நாற்காலியில் மௌனமாய் அமர்ந்திருக்க, எதிர் நாற்காலியில் ஒரு கணம் இருந்துவருவதற்காக ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். அடுத்த ஆண்டில் பிப்பின் பார் என்னும் நியூசிலாந்துக்காரர் அதனையே பழங்காலக் கணினி விளையாட்டுப் பாணியில், கட்டம் கட்டமான சிறு உருவங்களைக்கொண்டு அமைத்தார். ஆடுபவன் அனுமதிச்சீட்டு வாங்கி, ஓவியங்களைக் கடந்து சென்று, வரிசையில் நிற்கவேண்டும், நின்றுகொண்டே இருக்கவேண்டும். நியூயோர்க் நேரப்படி நூதனசாலை அக்காலத்தில் மூடியிருந்த வேளைகளில் விளையாட்டும் மூடியிருக்கும்; செவ்வாய்க்கிழமை அன்று விடுமுறையாயிருந்தது. அதே 2011இல் ஹண்டர் ஜொனாகின் என்னும் அமெரிக்கர், காசு போட்டு ஆடும் பழைய பெட்டி ஒன்றிலே, ஜெஃப் கூன்ஸ் என்னும் பிரசித்த சிற்பியின் காட்சிக்குள் ஆடுபவனை ஏவுகணையோடு அனுப்பினார். படைப்புகளை உடைத்தால் கூன்ஸின் உருவம் வந்து கண்டிக்கும், காவலரை ஏவும், அவர்களுக்கும் தப்பினால் காட்சிப் பொறுப்பாளரும் வழக்கறிஞரும் உதவியாளரும் அலையலையாய் வந்து தாக்குவர், வெற்றிக்கு வழியே இல்லை. 2017இல் சுவீடனைச் சேர்ந்த பிளேம்பெய்ற் நிறுவனம் வெளியிட்ட பாஸ்பார்ட்டு என்னும் விளையாட்டு, பட்டினி கிடக்கும் ஓவியனின் பாத்திரத்தை நமக்கு அளிக்கின்றது. ஆடுபவன் தன் கையாலேயே படம் கிறுக்கித் தெருவோரத்தில் வைக்க, வருவோர் போவோர் காரணம் புலப்படாமற் புகழ்வர் அல்லது இகழ்வர். வீட்டு வாடகைக்கும் ரொட்டிக்கும் திராட்சை மதுவுக்கும் பணம் தேறவேண்டும். வாங்குபவன் முகமறியாதவனாகிய அன்றே கண்டித் தட்டக்காரன் அடைந்த நிலை இதுவன்றோ!

இவ்விளையாட்டுகளின் கூர்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவை தைத்த இடம் எது என்று ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சுகிறது. 2012இல் அதே நியூயோர்க் நூதனசாலை 14 வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரத்திற் சேர்த்துக்கொண்டது. 2013இல் அப்ரமோவிச் தம்மைப் பகடி செய்த பாருடனேயே கூடித் தம் பயிற்சிமுறைகளைப் பற்றிய விளையாட்டுகளை அமைத்தார். 2019இல் மயாமி கண்காட்சியில், மவுரீசியோ கத்தெலான் சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 120,000 டொலருக்கு விலைபோயிற்று. 2024இல் அதன் பிரதியொன்று ஏலத்தில் 62 இலட்சம் டொலருக்கு மேல் பெற, வாங்கியவர் அதனை உரித்துத் தின்றார். தன்னை நகையாடும் பொருளையே தன் விலைமதிப்பு மிக்க சரக்காக்கிக்கொள்ளும் கலையுலகத்துக்கு எந்தப் பரிகாசமும் வலிப்பதில்லை.

இதன் காரணத்தைச் சொக்கரிக் கூத்தோடு ஒப்பிட்டாலன்றி விளங்காது. நெற்களத்தில் நகைக்கப்பட்டவன் அந்த ஊரிலேயே வாழவேண்டியவன். கொலெற்றின் கேலிச்சித்திரத்தில் அகப்பட்டவர் அதே வாசகரிடம் வாக்குக் கேட்கவேண்டியவர். அதனால் அங்கே சிரிப்புக்குப் பின்விளைவு இருந்தது. வீடியோ விளையாட்டை ஆடுபவனோ தனியறையில் இருக்கிறான். கூன்ஸ் அவனுடைய அயலவர் அல்லர். வாழைப்பழத்தை வாங்கியவர் அவனுக்கு எந்த வகையிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். பழைய ஏற்பாட்டை நாம் பொற்காலமென்று போற்றவேண்டியதில்லை. இராஜகாரியத்தின் நுகத்தடியையும், சித்திரகாரன் மறுப்புச் சொல்ல முடியாதவனாய் இருந்ததையும் மறந்துவிட்டு அப்படிப் போற்றுவது அவனுக்கே இழைக்கும் அநீதி. ஆயினும் அங்கே ஓர் உண்மை இருந்தது: பரிகாசம் பலிக்கவேண்டுமாயின், பரிகசிப்பவனும் பரிகசிக்கப்படுபவனும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லும் உறவு இருத்தல் வேண்டும்.

ஆகவே, நம் நாட்டு இளைஞர் எவரேனும் இத்தகைய விளையாட்டு ஒன்றை அமைக்க முன்வருவாராயின், நியூயோர்க்கையும் மயாமியையும் அவர்கள் நகையாடவேண்டிய அவசியம் இல்லை. அந்த ஊர்கள் தம் நகைப்பைத் தாமே விற்றுக்கொள்ளும் வல்லமை பெற்றவை. அவர்கள் நகைக்கவேண்டியவை, இங்கேயே நாம் பணங்கொடுத்து வாங்கும் தட்டங்களும், தரமறியாமற் போற்றும் கண்காட்சிகளும், செய்தவன் பெயரை ஒருமுறையேனும் விசாரியாமற் கடந்துபோகும் நம்முடைய வழக்கமுமே. அந்தச் சிரிப்பு நம்மைச் சுடும். சுட்டால் அதற்கு மறுமொழி சொல்லும் பொறுப்பும் நம்முடையதாகும்.