கப்பலின் பெயரில் ஒரு மெட்டு

ஒரு மாலை, தேவாலயம் ஒன்றைக் கடந்து போகையில் உள்ளே பாடிய ஆங்கில ஞானப்பாட்டு காதில் விழுந்தது. ‘இட் ஈஸ் வெல் வித் மை சோல்’ என்ற பாட்டு. என் ஆத்மாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்கிற பாட்டு. எழுதியவர் கவலையே அறியாத சுகவாசியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் கதையைப் படித்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு அமெரிக்காவில், சிகாகோ நகரத்து வக்கீல். 1871 அக்டோபரில் அங்கே மூண்ட பெருந்தீ, நிலத்தில் அவர் போட்டிருந்த முதலை விழுங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்துக் குடும்பத்தோடு ஐரோப்பா புறப்பட ஏற்பாடு செய்தார். அலுவல் ஒன்று குறுக்கிடவே, மனைவி அன்னாவையும் நான்கு பெண் குழந்தைகளையும் முன்னால் அனுப்பிவைத்தார்.

1873 நவம்பர் 22. நள்ளிரவு தாண்டிய வேளை. அட்லாண்டிக் கடலில் ‘வில் து ஹாவ்ர்’ என்ற அந்தக் கப்பலும் ஒரு பாய்மரக் கப்பலும் மோதிக்கொண்டன. பன்னிரண்டே நிமிஷத்தில் ‘வில் து ஹாவ்ர்’ மூழ்கிற்று. 226 பேர் மாண்டார்கள். நினைவிழந்து மிதந்த அன்னாவைத் தூக்கி எடுத்தார்கள். குழந்தைகளில் ஒருத்திகூடத் தப்பவில்லை. கடைக்குட்டிக்கு வயது இரண்டு. தான் ஒருத்தியே பிழைத்ததாகக் கார்டிஃப் துறைமுகத்திலிருந்து அன்னா தந்தி கொடுத்தார்.

மனைவியை அழைத்துவர ஸ்பாஃபோர்டு கப்பலேறினார். அந்த இடத்தைக் கடந்தபோதுதான் பாட்டுப் பிறந்தது என்பார்கள். ஆனால் கிடைத்திருக்கும் கையெழுத்துப் பிரதி, சிகாகோ ஓட்டல் ஒன்றின் தாளில் இருக்கிறது. கதை எழுதுகிறவனான எனக்கு அந்தத் தாள்தான் பெரிதாகப் படுகிறது. நடுக்கடலில் ஆவேசத்தில் பாடிவிடலாம். குழந்தைகள் ஓடியாடிய ஊரில் உட்கார்ந்து, குறையில்லை என்று எழுதுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

பிலிப் பிளிஸ் என்பவர் இசையமைக்க, 1876ல் பாட்டு வெளியாயிற்று. மெட்டுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமோ? ‘வில் து ஹாவ்ர்’! அந்த வருஷக் கடைசியில், பாலம் இடிந்து ரயில் விழுந்த விபத்தில் பிளிஸும் அவர் மனைவியும் மாண்டார்கள்.

நானாக இருந்தால் கதையை இங்கே முடித்திருப்பேன். வாழ்க்கை முடிக்கவில்லை. பின்னால் பிறந்த ஆண் குழந்தையும் 1880ல் ஜுரத்தில் போயிற்று. என்ன பாவம் செய்தார்களோ என்று சபையாரே பேசினார்களாம். 1881ல் தம்பதிகள் ஜெருசலேம் போய்க் குடியேறினார்கள். 1888ல் அங்கேயே ஸ்பாஃபோர்டு மலேரியாவில் கண்ணை மூடினார்.

அன்னா தளர்ந்து உட்காரவில்லை. முதல் உலக யுத்தத்தில் ஜெருசலேம் பட்டினி கிடந்தபோது, அவர்கள் குடியிருப்பார் மதம் பாராமல் கஞ்சி வார்த்தார்கள். 1925ல் மகள் பெர்த்தா, தாயில்லாச் சிசுக்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அவர்கள் முதலில் குடியிருந்த வீட்டிலேயே!

ஆத்மாவுக்குக் குறையில்லை என்றால் நெஞ்சில் வலியில்லை என்று அர்த்தமல்ல போலும். பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்களின் வீட்டில் ஊரார் பிள்ளைகள் பசியாறினார்கள். அந்தப் பாட்டின் கடைசி அடி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.