சேம அச்சும் ஸ்டெப்னியும்: பாரத்துக்கு ஏற்ற சக்கரம்

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு அரவைப் பருவத்தில் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெரியசெவலை ஆலைக்குப் போகும் டிராக்டர் முன்னால் போனால், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ரோடே தெரியாது. அப்படி ஒரு டிரெய்லருக்குப் பின்னால் அரைமணி நேரம் ஊர்ந்தபோது வந்த சந்தேகம்தான் இந்தப் பதிவு. ஒரு சக்கரம் இவ்வளவுதான் தாங்கும் என்ற கணக்கு எப்போது வந்தது?

கவலை மட்டும் ரொம்பப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகர்களின் வண்டியைக் காட்டுகிறார். மாடுகளோ நுகத்துக்குப் பழகாத இளசுகள், பாரமோ அதிகம், வழியில் மேடு பள்ளம் எப்படி இருக்குமோ தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நம்ம ஊர் லாரி டிரைவர் இதைத்தான் ஸ்டெப்னி என்கிறார்! அந்தப் பெயர் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கே மோட்டார் கார்களுக்கு உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். இந்தப் பெயர் இந்தியாவில் அப்படியே தங்கிவிட்டது.

கட்டை வண்டிக் காலத்தில் கணக்கு கொல்லரின் கையில் இருந்தது. இரும்புப் பட்டாவை நெருப்பில் காய்ச்சி, மரச்சக்கரத்தின் மேல் மாட்டி, தண்ணீர் ஊற்றினால் பட்டா சுருங்கி இறுகிவிடும். சக்கரம் கெட்டிதான். ஆனால் குழியில் விழும் ஒவ்வொரு அடியும் நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்துக்குப் போகும்.

காற்றடைத்த டயருக்கு 1845இலேயே தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கினார், யாரும் சீந்தவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியரான டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். மாட்டு வைத்தியர் கண்டுபிடித்தது பிறகு மாட்டு வண்டிக்கே வந்து சேர்ந்தது. டயர் வண்டிக்கு இந்தியாவின் பல இடங்களில் டன்லப் வண்டி என்றே பெயர்.

எண்ணிக்கையில் கணக்கு எழுதியது 1965இல் வந்த இழுவை மாடுகளுக்கான வதைத் தடுப்பு விதிகள். பெரிய மாடு ஒன்றுக்கு, இரண்டு சக்கர வண்டியில் டயர் இல்லையென்றால் 900 கிலோ, காற்று டயர் இருந்தால் 1350, பால் பேரிங் இருந்தால் 1800. ஜோடி மாடு என்றால் இரட்டிப்பு. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. கவனித்தீர்களா, மாடு அதே மாடு, சக்கரம் மாறியதும் அனுமதி இரண்டு மடங்கு! டயரால் கிடைத்த லாபம் மாட்டுக்கு ஓய்வாகப் போகாமல் மூட்டையாகத்தான் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று பல வருடம் போராடினார். மேனேஜ்மென்ட் கல்லூரிக்காரர் நுகத்தடியைப் பற்றிப் பேசியது அப்போது பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

லாரி டயரில் எண் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. 10.00-20 அளவு, 16 ப்ளை டயர் தனியாக 3000 கிலோ தாங்கும். பின்னால் இரட்டையாகப் போட்டால் ஒன்றுக்கு 2725தான், ஏனென்றால் இரண்டும் பாரத்தைச் சமமாகப் பங்குபோடாது. முன் அச்சில் இரண்டு டயர், 6 டன். பின் அச்சில் நான்கு, 10.9 டன். 2018 வரை சட்டம் அனுமதித்தது முன்னால் 6, பின்னால் 10.2! அந்த வருடம் இதை 7, 11.5 என்று உயர்த்தினார்கள். டயரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2019 திருத்தத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000.

டிராக்டர் டிரெய்லரில்தான் வம்பு. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின்பக்கம் ஏறும். கரும்பை அளவுக்கு மீறி அடுக்கினால் மேட்டில் முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. காற்றுக் குறைந்த டயரில் பாரம் கூடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். நான் பின்தொடர்ந்த டிரெய்லரின் டயர் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பக்கச் சுவரில் எண் எதையும் படிக்க முடியவில்லை. ஸ்டெப்னியும் இல்லை.