நிக்கோடெமஸ் டவுன்ஷிப், கேன்சஸ்

நிக்கோடெமஸ் டவுன்ஷிப் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள கேன்சஸ் மாநிலத்தில், கிரகாம் கவுண்டியின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள ஓர் ஊரக ஆட்சிப் பிரிவு ஆகும். இதில் உள்ள நிக்கோடெமஸ் என்னும் சிற்றூர், முன்னாள் அடிமைகளால் 1877 இல் உருவாக்கப்பட்டது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அக்காலத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர் நிறுவிய ஊர்களுள் இன்றும் எஞ்சியிருப்பது இது ஒன்றே.

டவுன்ஷிப் என்ற சொல்லைக் கொண்டு இதை நகரம் என எண்ணிவிடலாகாது. கேன்சசில் டவுன்ஷிப் என்பது கவுண்டியின் உட்பிரிவு. வயல்களும் மேய்ச்சல் நிலங்களுமே அதில் மிகுதி. அறங்காவலர், எழுத்தர், பொருளாளர் ஆகியோரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கின்றனர்.

புவியியல்

இப்பகுதி சாலமன் ஆற்றின் தென்கிளையை ஒட்டிய, மரங்கள் அரிதான புல்வெளியாகும். சாலமன் ஆறு ஸ்மோக்கி ஹில் ஆற்றில் கலக்கிறது. ஊர் ஆற்றுக்கு வடக்கே உள்ளது. இந்தச் சிறு செய்தியே பின்னர் ஊரின் விதியைத் தீர்மானித்தது. 24 ஆம் எண் கூட்டரசு நெடுஞ்சாலை ஊர் வழியே செல்கிறது. மேற்கே கவுண்டித் தலைமையிடமான ஹில் சிட்டி உள்ளது. மழை குறைவு. கோதுமை முதன்மைப் பயிர்.

நிலம் சதுர மைல்களாக அளக்கப்பட்டது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதன் கால் பங்கு 160 ஏக்கர். 1862 ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு அந்தக் கால் பங்கு உரிமையாகும். உழைத்த நிலம் எதுவும் தமதாக இல்லாதிருந்தவர்களை இவ்வளவு தொலைவு இழுத்துவந்தது இதுவே.

வரலாறு

வெள்ளையரான டபிள்யூ. ஆர். ஹில், கறுப்பினப் போதகர் டபிள்யூ. எச். சுமித் ஆகியோர் 1877 இல் ஊருக்கான நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து சுமார் 300 பேர் எல்லிஸ் வரை தொடருந்தில் வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தரைவழியே சென்றனர். விளம்பரங்களில் கண்ட ஊர் அங்கில்லை. முன்னர் வந்தோர் நிலத்தைக் குடைந்து அமைத்த குழிவீடுகளில் வாழ்ந்தனர். வீடு கட்ட மரம் இல்லை. சிலர் உடனே திரும்பினர். முதல் குளிர்காலத்தில் ஒசேஜ் பழங்குடியினர் உணவளித்து உதவியதாக ஊரார் கூறுவர்.

எனினும் ஊர் வளர்ந்தது. இங்கு வாழ்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882 இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1880களின் நடுவில் இரு செய்தித்தாள்கள் வெளிவந்தன. தொடருந்துப் பாதையை ஈர்ப்பதற்காக 1887 இல் 16,000 டாலர் கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். ஆனால் 1888 இல் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பாதை ஆற்றின் தென்புறமாகச் சென்றது. வணிகர்கள் கடைகளை அப்பாதையில் எழுந்த போக் என்ற ஊருக்கு மாற்றினர். செய்தித்தாள்களும் நின்றன. உழவர்கள் நிலத்தை விடவில்லை. 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும்தான் பலரை வெளியேற்றின. அஞ்சலகம் 1953 இல் மூடப்பட்டது.

மக்கள்

1880 இல் ஊரிலும் சுற்றியுள்ள டவுன்ஷிப்பிலுமாக 258 கறுப்பினத்தவரும் 58 வெள்ளையரும் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பின்படி நிக்கோடெமசின் மக்கள்தொகை 14 மட்டுமே. கிரகாம் கவுண்டி முழுவதுமே 2,415 பேரைத்தான் கொண்டிருந்தது. எனவே இச்சரிவு நிக்கோடெமசுக்கு மட்டும் உரியதன்று.

நினைவிடம்

1996 இல் இவ்வூர் தேசிய வரலாற்றுக் களமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 1881 இல் கட்டப்பட்ட விடுதி, 1885 ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம், 1907 ஆம் ஆண்டின் பாப்டிஸ்ட் தேவாலயம், 1918 ஆம் ஆண்டின் பள்ளி, பெருமந்தக் கால அரசு வேலைத் திட்டத்தில் 1939 இல் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பப்பட்ட டவுன்ஷிப் மன்றம் ஆகிய ஐந்து கட்டடங்கள் இதில் அடங்கும்.

ஆண்டுதோறும் சூலை இறுதியில், வெளியூர்களில் வாழும் வழித்தோன்றல்கள் இங்கு கூடுகின்றனர். இவ்விழா தொடக்கத்தில் ஆகஸ்ட் 1 ஐ நினைவுகூர்ந்தது. அது அமெரிக்க அடிமை விடுதலை நாள் அன்று; 1834 இல் பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட நாளாகும்.