முசிறிக் கலத்தின் கடன் சீட்டு

யவனர் பொன் தந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடலில் படித்து மகிழ்கிறோம். அந்தப் பொன் யாருடையது என்று நாம் கேட்பதில்லை. அது கடனாகவும் இருந்திருக்கலாம் என்கிறது வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு. 1985இல் பதிப்பிக்கப்பட்ட அதன் ஒரு பக்கம் முசிறி வணிகக் கடன் பற்றிய ஒப்பந்தம். செங்கடல் துறையிலிருந்து சரக்கை ஒட்டகத்தில் கொப்டோசுக்கும், பின்னர் நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கும் சேர்ப்பது வணிகன் பொறுப்பு. கிடங்குகளில் அது கடன் கொடுத்தவர் தரப்பின் முத்திரையின் கீழ் இருக்கும். அரசுக்குச் சுங்கம் நாலில் ஒரு பங்கு. தவணை தவறினால் சரக்கு கடன் கொடுத்தவருக்கு. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கலத்தின் கணக்கு: கங்கைச் சடாமாஞ்சில், தந்தம். கடன்பட்டவன் பெயர் ஏட்டின் சிதைந்த பகுதியோடு அழிந்தது. மிளகு விற்ற நம்மவன் பெயரோ எங்குமே எழுதப்படவில்லை. கலத்தின் பெயர் மட்டும் கரை சேர்ந்திருக்கிறது.