அதிரசத்திற்கு அரிசி தேடிய வரலாறு

பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் படைவீடுகளையும், கோயில்களையும், கோலார்த் தங்கச் சுரங்கத்தையும் பற்றி எழுதுவர். அவையெல்லாம் எழுதத் தக்கனவே. ஆயினும், பிழைப்பின் பொருட்டு இவ்வூருக்கு வந்த நம் குடும்பத்துத் தாய்மார்கள் பண்டிகைப் பலகாரத்திற்கு வேண்டிய அரிசியையும் வெல்லத்தையும் எங்ஙனம் தேடிக்கொண்டனர் என்பதும் வரலாறுதானே? இரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் எனக்குப் பெரிய வரலாறு எழுதும் தகுதி இல்லை. எச்சரக்கு எவ்வூரிலிருந்து எவ்வூருக்குச் சென்றது என்பதைச் சிறிது சொல்லலாம். அஃது என் தொழிலோடு ஒட்டியது.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தனர். படையின் பின்னே வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து வணிகரும் கட்டடத் தொழிலாளரும் பணியாட்களும் வந்து, அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் குடியேறினர். அந்நாளில் எச்சரக்கும் மாட்டு வண்டியில் ஏறித்தான் இம்மேட்டு நிலத்தை அடைய வேண்டும். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தமிழரும் ஒரு சிறு சரக்கு வண்டியாகவே திரும்பினர் எனலாம். இன்றும் நம் காலனிக்குத் திரும்பி வருவோரின் கைப்பைகளைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

இவ்வூரில் கிடைத்தவை எவை, கிடைக்காதவை எவை? ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள இவ்வூரில் தென்பாண்டி நாட்டுப் பனங்காடுகள் போன்றவை இல்லை. இங்கே கள்ளுக்குப் பேர்போனது ஈச்சமரம். எனவே கருப்பட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். வராத மாதத்தில் கருப்பட்டிக் காப்பியும் இல்லை. வெல்லத்திற்கோ என்றும் குறைவில்லை. கண்ணம்பாடி அணையின் நீர் கால்வாய் வழியே மாண்டியாவுக்குப் பாய்ந்தபின் அங்குக் கரும்பு செழித்தது. 1933-இல் மைசூர்ச் சர்க்கரைக் கம்பெனியும் தோன்றிற்று. 1927-இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டும், 1928-இல் எழுந்த கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டும் காய்கனிக்குக் குறை வைக்கவில்லை. தொல்லை கொடுத்தது அரிசியே.

1942-இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாடெங்கும் பங்கீடு வந்தது. லால்பாக் சாலையில் உள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் உணவகத்தார், அரிசி கிடைக்காத அப்போர்க்காலத்திலேதான் தாங்கள் ரவை இட்லியைக் கண்டுபிடித்ததாகக் கூறுவர். வறுமையில் பிறந்த பண்டம் இன்று விருந்தினருக்கு இடும் பண்டமாகிவிட்டது!

ஆனால் நோன்புக்கு ரவை ஆகுமா? தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பு நோற்கும் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களில் இருபத்தோர் அதிரசம் படைத்தாக வேண்டும். இருபது ஆகாது. அதற்கு நல்ல பச்சரிசி வேண்டும். விடுதலைக்குப் பின்னும் இத்தொல்லை தீரவில்லை. 1957-இல் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் சேர்ந்து ஒரே அரிசி மண்டலமாயின. ஏழாண்டுகளில், 1964-இல், அது குலைந்து மாநிலம் ஒவ்வொன்றும் தனி மண்டலம் ஆயிற்று. தனியார் அரிசியை எல்லை கடத்துவது குற்றம் என்றாயிற்று. ஜோலார்பேட்டைப் பக்கத்து அரிசி பெங்களூருக்கு வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது.

என் பாட்டனார் 1958-இல் இரயில்வே வேலைக்காக ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இவ்வூர் வந்தவர். 1966-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில், என் பாட்டி தாய்வீடு சென்று நான்கு படிப் பச்சரிசியைத் தலையணை உறைக்குள் இட்டுத் தைத்து, அதன்மேல் என் தந்தையாரைப் படுக்க வைத்து இரயிலில் வந்தார். அப்பொழுது என் தந்தையாருக்கு ஆறு வயது. இடையே ஒரு நிலையத்தில் சோதனைக்காரர் வந்தனர். "தலையணை ஏன் இவ்வளவு கனம்?" என்று ஒருவர் கேட்க, சிறுவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அரிசி போயிற்று. தண்டத்திற்குக் கையில் இருந்த பணமும் போயிற்று. என் தந்தையார் இறுதிவரை இக்கதையைப் பிறர் சொல்லக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

வீட்டிற்கு வந்து பாட்டி அழுதுகொண்டிருக்க, அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் வந்து, "ஏனக்கா, என்ன ஆயிற்று?" என வினவினார். இவர் பாதித் தமிழிலும் பாதிச் சைகையிலும் அதிரசத்தை விளக்கினார். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். பாகு தண்ணீரில் விட்டால் உருண்டு வரவேண்டும். மாவு இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் சிரித்துவிட்டார். "இது எங்கள் கஜ்ஜாயம் அல்லவா? நோன்புக்கு நாங்களும் இதைத்தானே செய்கிறோம்!" என்றார். மாண்டியாவுக்கு அருகே அவருடைய தமையனாரின் வயல். அவ்வரிசி மாநில எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. அன்று மாலையே முறம் நிறைய அரிசியும் நான்கு அச்சு வெல்லமும் எங்கள் வீட்டிற்கு வந்தன.

இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. விஜயநகர அரசர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளிலேயே அதிரசப்படி என்னும் நிவேதனம் காணப்படுகிறது. அவ்வரசின்கீழ்த் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் ஒருங்கே வாழ்ந்தனர். நம் தட்டை இங்கே நிப்பட்டு, முறுக்கு சக்குலி, கொழுக்கட்டை கடுபு, போளி ஒப்பட்டு. நூறாண்டுக்கு மேலாக இரயிலேற்றி நாம் கொண்டுவந்தவற்றுள் பாதி அடுத்த வீட்டு அடுக்களையிலேயே வேறு பெயரில் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. (கருப்பட்டி மட்டும் இதற்கு விலக்கு; அதற்கு இன்றும் தெற்கே பார்க்க வேண்டியதுதான்.)

1977-இல் அரிசிக் கட்டுப்பாடு நீங்கிற்று. மைசூர் மாநிலம் அதற்கு முன்பே, 1973-இல், கர்நாடகம் ஆகிவிட்டது. இன்று அதிரச மாவே கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆயினும் எங்கள் வீட்டில் பாட்டி செய்த முறையே தொடர்கிறது. அம்முறையில் சுக்கும் ஏலமும் ஆம்பூருக்கு உரியன; மேலே தூவும் கசகசா அந்த அம்மையாருடையது. சென்ற ஆண்டு ஆம்பூரில் ஒரு திருமணத்திற்கு ஒரு தூக்கு நிறைய எடுத்துச் சென்றேன். முதிய அத்தை ஒருவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன தம்பி, உங்கள் ஊர்ப் பலகாரமா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.